கோழிகளைக் கூப்பிட்டது யார்

அத்தியாயம் பன்னிரண்டு

பேச்சியம்மாள் கூண்டை மூடியிருந்த சாக்கை விலக்கியபோது, கோழிகள் இன்னும் தூங்குகின்றன என்றுதான் நினைத்தாள். விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தாலும், மழை வானத்தை அடைத்திருந்ததால் பொழுது புலர்ந்ததே தெரியவில்லை. மனிதர்களே சுருண்டு கிடக்கும்போது கோழிகளைக் குறை சொல்ல முடியுமா?

"பா, பா, பா" என்று கூப்பிட்டாள்.

ஒன்றும் அசையவில்லை. குனிந்து கையை உள்ளே விட்டாள். விரலில் பட்ட கோழியின் உடம்பு கதகதப்பாக இருந்தது. மூலையில் வைத்திருந்த தணல் சட்டி அந்தச் சூட்டை ஆறவிடாமல் வைத்திருந்தது. கழுத்தைத் தூக்கிப் பார்த்தாள். நனைந்த துணி மாதிரி தொங்கியது.

முந்தாநாள் காலையில் ஒரு கோழி இப்படித்தான் கிடந்தது. நேற்று அதைவிடக் கூடுதல். இன்று பாதிக் கூண்டு போய்விட்டது. மரநாய் வந்திருந்தால் ரத்தம் இருக்கும். மலைப்பாம்பு வந்திருந்தால் கோழியே இருக்காது. இங்கே ஒரு இறகுகூட உதிரவில்லை. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, அவையும் மறுபேச்சில்லாமல் எழுந்து போய்விட்டன என்றுதான் தோன்றியது.

பேச்சிக்குக் கோழிகள் போன கவலை பாதிதான். கூண்டை ஒட்டிய பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்தில் அவள் மருமகளும் பேத்தியும் படுத்திருந்தார்கள்.

இந்தக் குடும்பத்தை வாராவாரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு வீட்டு நிலவரம் தெரியும். இன்றுதான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. இது இருபத்தாறாம் வருஷத்து மார்கழி. சிகாமட் ஆறு கரையை மறந்துவிட்டது. ரப்பர் தோட்டத்துக்கும் ஊருக்கும் நடுவே ஒரே தண்ணீர், ரயிலும் நின்றுவிட்டது. ஊருக்குப் போன மகன் கனகராஜ் அங்கேயே மாட்டிக்கொண்டான். அவன் முகத்தைப் பார்க்காமலே, இங்கே தோட்டக் கூலிகளின் மேட்டு லயத்தில் புஷ்பவள்ளிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பால்வெட்டு இல்லை, வேலை இல்லை. லயமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது.

பெண் பிறந்ததில் மாமியாருக்கு முகம் சுண்டிவிட்டதாகச் சிலர் பேசினார்கள். பேசட்டும். முகம் சுண்டியது உண்மைதான், காரணம் வேறு. கனகராஜுக்குப் பிறகு பேச்சிக்கும் ஒரு பெண் பிறந்தது. இதே தோட்டத்தில், இதே மாதிரி ஒரு அடைமழையில், இதே மாதிரி சாத்திய அறைக்குள், பெயர் வைக்கும் முன்பே அது போய்விட்டது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. முனி எடுத்துக்கொண்டது என்றார்கள். அவளும் நம்பினாள். நம்பாமல் எப்படி மிச்சக் காலத்தை ஓட்டுவது?

இப்போது கீறல் இல்லாமல் கோழிகள் சாகின்றன.

அடுப்பங்கரை வாசலில் அவள் புருஷன் சின்னத்தம்பி குந்தியிருந்தார். தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயவைக்கிற வேலை அவருக்கு. வாயைத் திறந்தால் கேலிதான் வரும். செத்த கோழிகளை அவர் முன்னால் வரிசையாகப் போட்டபோது அந்தக் கேலி எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

"கழிச்சலா இருக்குமோ?"

"கழிச்சல்னா பின்னால நனைஞ்சு நாறுமே. இதுங்க குளிச்சு முழுகின மாதிரில்ல கிடக்குதுங்க" என்றாள் பேச்சி.

அவர் கத்தியை எடுத்து ஒன்றைக் கிழித்துப் பார்த்தார். பார்த்தவர் கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இங்க பாரு புள்ள. செத்ததுக்கு ரத்தம் கறுத்துல்ல போகணும்?"

உள்ளே சதையெல்லாம் செம்பருத்திப் பூ நிறத்தில் இருந்தது. உயிரோடு அறுத்த கோழியில்கூட அவள் அப்படி ஒரு சிவப்பைப் பார்த்ததில்லை.

"மூடிப் போடுங்க" என்றாள். "பார்க்கவே நல்லால்ல."

கோழி வளர்ப்பில் பேச்சிக்கு லயத்தில் பேர் உண்டு. மழைக்காலம் வந்தால் கூண்டுக்குள் சாம்பலும் மரத்தூளும் பரப்புவாள். ஈரமானதை அன்றன்றைக்கே அள்ளிக் கொட்டுவாள். கால்விரல்கள் இறகுக்குள் அடங்கும்படி அகலமான கட்டையைப் போடுவாள். அடையப் போகும் முன் மிளகு தட்டிப் போட்ட சூடான கஞ்சிச் சோறு. கொண்டைக்குத் தேங்காயெண்ணெய்த் தடவல். காற்றடிக்காத பக்கமாகப் பார்த்து, மேலே ஒரு சாண் எப்போதும் திறந்தே இருக்கும். "குளிரு கொல்லாதுடி, ஈரந்தான் கொல்லும்" என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

இந்த வருஷம் அவளுக்கே புத்தி தடம் மாறியது. ஓடையோரம் இருந்த கூண்டை வெள்ளத்துக்குப் பயந்து வீட்டுச் சுவரோரம் கொண்டுவந்து வைத்தாள். கோழிகள் நனைந்து நடுங்கின. சுவருக்கு அந்தப் பக்கம் தாயும் பிள்ளையும் கரித்தணல் சூட்டில் கதகதப்பாகப் படுத்திருந்தார்கள். பச்சை உடம்புக்கு ஆகிற சூடு கோழிக்கு ஆகாதா என்று நினைத்தாள். மேல் திறப்பை அடைத்தாள். சுற்றிலும் சாக்கைக் கட்டினாள். உள்ளே ஒரு சட்டித் தணலை வைத்தாள். முதல் கோழி செத்ததும், சூடு போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கரி போட்டாள்.

கரி, கனகராஜ் போவதற்கு முன் சீனன் கடையில் வாங்கிப் போட்ட மூட்டை. மற்ற வருஷங்களில் பிள்ளை பெற்றவள் அறையில் விறகுதான் எரியும். அது எரிகிற லட்சணத்துக்கு வீடே இருமும். கண்ணைக் கசக்கிக்கொண்டு யாராவது எழுந்து கதவைத் திறந்துவிடுவார்கள். இந்த மழையில் விறகெல்லாம் ஊறிவிட்டது. கரியோ சத்தமில்லாமல், புகையில்லாமல், பூ மாதிரி கனன்றது. கண் கரிக்கவில்லை. கதவைத் திறக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. மகராசன் என்ன நல்ல கரி வாங்கியிருக்கிறான் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள்.

வெள்ளையம்மா சம்பான் படகில் வந்து இறங்கியபோது மழை சற்றுத் தணிந்திருந்தது. பேச்சியின் அக்காள். இரண்டு லயத்துப் பிள்ளைகளும் அவள் கையில் விழுந்தவைதான். ஓடைக்கு அக்கரை லயத்தில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தாள். கண்ணில் தூக்கம் இல்லாத சிவப்பு. தங்கையைப் பெற்ற தாய் போல வளர்த்தவள் அவள். இந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மறு சொல் கிடையாது.

செத்த கோழிகளைப் பார்த்துவிட்டுத் தங்கையைப் பார்த்தாள்.

"கையால தொட்டியா?"

"தொட்டேன்க்கா."

"அப்ப அறைப்பக்கம் வராத. சாவுத் தீட்டு. உன் கையைப் பிடிச்சுக்கிட்டே அது உள்ள வந்துரும்."

"முனிக்கு இந்த வெள்ளத்துல வேற வேலையே இல்லையா மதினி?" என்றார் சின்னத்தம்பி. கேலியாகச் சொல்ல நினைத்தார். குரல் கேலியாக வரவில்லை.

"கோழிக்கா வந்திருக்கும்? கோழி வழியில கிடைச்சது" என்றாள் வெள்ளையம்மா. "வந்தது பிள்ளைக்கு. நேர்ந்துவிட்ட சேவல் இருக்குல்ல? ஆம்பளைங்க எல்லாரும் அதைக் கொண்டு போயி, பொழுது சாயறதுக்குள்ள பூசை போட்டுட்டு வாங்க. அது வரைக்கும் இந்தக் கதவு திறக்காது."

அடுப்பங்கரைக் கம்பத்தில் தனியாகக் கட்டியிருந்த சேவலைக் கூடையில் கவிழ்த்து எடுத்துக்கொண்டு சின்னத்தம்பி கிளம்பினார். லயத்து ஆண்கள் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். இருந்த ஒரே சம்பான் காட்டோரத்து முனி மரத்தைப் பார்க்கப் போயிற்று. பெண்கள் அவரவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வெள்ளையம்மா அறைக்குள் புதிதாக இன்னொரு தணல் சட்டியை வைத்தாள். வெளியே வந்து கதவைக் கயிறு போட்டுக் கட்டினாள். அதன் முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள்.

அறைக்குள் போகத்தானே தடை. சுவரோடு பேசுவதை எந்தத் தீட்டும் தடுக்கவில்லை. பேச்சி பின்பக்கமாகப் போய், கூண்டுக்குப் பக்கத்தில் பலகையில் காதை வைத்தாள்.

"புஷ்பம், ஏத்தா, முழிச்சிருக்கியா?"

பேச்சி பலகையைத் தட்டினாள். பிறகு ஒரு குரல், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது.

"அத்தை. தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"பிள்ளை பால் குடிச்சுச்சா?"

"தூங்குது. எழுப்பினாலும் எழ மாட்டேங்குது. சமத்துப் பிள்ளை." மூச்சு இழுத்து இழுத்து வந்தது. "அத்தை, அந்தம்மாவைக் கொஞ்சம் போகச் சொல்லுங்களேன்."

"எந்தம்மா?"

"மூலையில உக்காந்திருக்காங்களே, அவங்கதான்."

அறைக்குள் வேறு யாரும் இல்லை. கதவு வெளியே கட்டியிருக்கிறது.

"என்னத்தா செய்றாங்க?"

"ஒன்னும் செய்யல. கேட்டுக்கிட்டே இருக்காங்க. குளிருதா, குளிருதான்னு."

பேச்சி சுவரை விட்டு விலகினாள். மழையில் நிற்கிறோம் என்பதுகூட அவளுக்கு மறந்துவிட்டது. அன்று அவள் படுத்திருந்த அறையிலும் மூலையில் யாரோ உட்கார்ந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

ஓடிப்போய் அக்காளிடம் சொன்னாள். வெள்ளையம்மா கயிற்று முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

"வந்தே போச்சு" என்றாள். "பலகை இடுக்கெல்லாம் அடை. மண்ணு குழைச்சுக் கொண்டா. ஒரு பொட்டு வழி இருக்கக் கூடாது."

"கொஞ்சம் திறந்து பிள்ளையை மட்டும் பார்த்துட்டு…"

"திறந்தா பிள்ளையோடதான் அது வெளிய போகும். தெரியுமா தெரியாதா உனக்கு?"

உனக்கு என்ற சொல்லில் அவள் அழுத்திய அழுத்தம் போதுமானதாக இருந்தது. பேச்சி மண் குழைத்தாள். தீட்டுக் கை அறைக்குள் போகக் கூடாதே தவிர, மண் குழைக்கலாமாம். சாமியின் சட்டத்தில் நமக்கு வசதியான சந்துகள் எப்போதும் உண்டு. தன் கையால் குழைத்த மண்ணால் அந்த அறையின் பின்சுவரில் ஒவ்வொரு இடுக்காக அடைத்தாள். அடைத்து முடித்ததும் மனம் கொஞ்சம் ஆறியது.

பிற்பகலில் காற்று திரும்பியது. ஆற்றுப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்று எலும்பைத் தொட்டது. மிச்சக் கோழிகளாவது பிழைக்கட்டும் என்று காலையிலேயே பேச்சி தணலை ஊதிப் பெரிதாக்கிச் சாக்கை இறுக்கியிருந்தாள். இப்போது வந்து பார்த்தால் சாம்பல் நிறப் பெட்டை ஒன்று காலை நீட்டிக் கிடந்தது. கழுத்து தொங்கியது. அதை எடுத்து, புதைக்கப் போட்டிருந்த குவியலுக்குப் பக்கத்தில் சேற்றில் எறிந்தாள்.

இன்னும் எவை கிடக்கின்றன என்று பார்க்க, தோள்வரை கூண்டுக்குள் நுழைந்தாள். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத் தலை விண்ணென்றது. கண்முன்னால் கறுப்புப் புள்ளிகள் பறந்தன. பின்வாங்கி வெளியே வந்து, மழையிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தபோது, சேற்றில் கிடந்த செத்த கோழி கண்ணைத் திறந்தது.

கோழி தலையைத் தூக்கியது. விழுந்தது. மறுபடி தூக்கியது. கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் மாதிரி தள்ளாடி எழுந்து, அவளை நோக்கி ஓரடி வைத்தது. செத்தது எழுந்து வருகிறது; எது அதற்குள் புகுந்து வருகிறதோ? எழுந்து ஓட வேண்டும் என்று நினைத்தாள். கிறுகிறுப்பு அவளை உட்கார வைத்தது. கோழி அவளைத் தாண்டிப் போய், குழியில் தேங்கிய மழைத்தண்ணீரைக் குடித்தது. உடம்பைச் சிலிர்த்து உதறிக்கொண்டது. அதற்குப் பிறகு, கோழிகள் செய்வதுபோல் சேற்றைக் கிளறத் தொடங்கியது.

அது கோழியேதான். வேறொன்றும் இல்லை.

பேச்சி திரும்பிக் கூண்டைப் பார்த்தாள். கூண்டின் அடி மூலையில் எலி கடித்த ஓட்டை ஒன்று இருந்தது. அந்த ஓட்டை வழியே மயிரில்லாத ஒரு சிவந்த கழுத்து வெளியே நீண்டிருந்தது. மொட்டைக்கழுத்துக் கோழி. குளிரில் முதலில் போக வேண்டியது அதுதான். நாலு நாளாக அந்த ஓட்டையை விட்டு நகராமல், கழுத்தை மழையில் நீட்டி, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு, உயிரோடு இருந்தது.

"குளிருதாடி?" என்றாள் பேச்சி, பழக்கத்தில்.

சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே கேட்டாள்.

தினமும் சாயங்காலம் கூண்டடியில் நின்று அவள் கேட்கிற வார்த்தை அது. குளிருதாடி, குளிருதா? பலகைக்கு அந்தப் பக்கம் மருமகளின் தலைமாடு. சூட்டில் மயங்கிக் கிடந்தவளுக்குள் மாமியாரின் குரல்தான் போய் மூலையில் உட்கார்ந்திருந்தது. அப்படியானால் அன்று தன் அறை மூலையில் உட்கார்ந்து கேட்டது யார் குரல்? அதை யோசிக்க இப்போது நேரம் இல்லை. சூட்டில் இருந்தவை செத்தன. குளிரில் கிடந்தவை பிழைத்தன. தலைவலி கூண்டுக்குள்ளும் இருந்தது, அறைக்குள்ளும் இருந்தது. புகையில்லாத அந்த நல்ல கரி இரண்டு இடத்திலும் கனன்றுகொண்டிருந்தது. அறையில் அவளே மண்ணை வைத்து அடைத்திருந்தாள்.

சுவரில் தட்டினாள். "புஷ்பம்! ஏத்தா!"

பேச்சி அடுப்பங்கரைக்கு ஓடினாள்.

பால்வெட்டுக் கத்தி அடுப்பங்கரை இறவாரத்தில் செருகியிருந்தது. அதை உருவிக்கொண்டு வந்தவளைப் பார்த்து வெள்ளையம்மா எழுந்து நின்றாள்.

"என்னடி கோலம் இது?"

"கதவை விடுக்கா."

"பூசை முடியல."

"கரிதான்க்கா கொல்லுது. கோழிய முனி எடுக்கல, நான்தான் மூடி வச்சுக் கொன்னேன். மழையில தூக்கி எறிஞ்சது எழுந்து நடக்குது. நீ வேணா வந்து பாரு."

"பயத்துல பிதற்றுற. முனி அப்படித்தான் திறக்க வைக்கும். கிட்ட வராத, தீட்டுக் கை."

"அந்தப் பிள்ளை செத்துப்போனா இந்தச் சுத்தத்தை வச்சு என்னக்கா பண்றது?"

வெள்ளையம்மா இரண்டு கையையும் விரித்துக் கதவில் சாய்ந்துகொண்டாள். பேச்சி பிறந்த நாளிலிருந்து அக்காள் எதிரில் குரலை உயர்த்தியதில்லை. இப்போது அவளைப் பிடித்துத் தள்ளினாள். வெள்ளையம்மா பலகையோடு உருண்டாள். கயிறு ஒரே அறுப்பில் அறுந்தது.

உள்ளேயிருந்து வெக்கை முகத்தில் அடித்தது. புகை இல்லை. நாற்றம் இல்லை. இரண்டு சட்டியிலும் தணல் செக்கச்செவேலென்று கண் சிமிட்டியது. பாயில் புஷ்பவள்ளி வாயைத் திறந்தபடி கிடந்தாள். உதடும் கன்னமும் நல்ல சிவப்பாக இருந்தன. புதுசாக யாராவது பார்த்தால் என்ன ஆரோக்கியமான பெண் என்பார்கள். அந்தச் சிவப்பைப் பேச்சி காலையில் ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

மூச்சை அடக்கிக்கொண்டு குழந்தையை வாரினாள். வாசலில் எழுந்து நின்ற அக்காளிடம் நீட்டினாள். வெள்ளையம்மா வாங்கவில்லை, தங்கையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடிக்கா!"

பிடித்தாள். பேச்சி மறுபடி உள்ளே ஓடி, மருமகளைப் பாயோடு இழுத்துத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தாள். சட்டிகளைக் காலால் உதைத்து மழையில் தள்ளினாள். அவை சீறி அடங்கின.

குழந்தை அழவில்லை. கை கால் தொங்கியது.

வெள்ளையம்மா நம்பிய சாமி எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அவள் கைகளுக்கு வேலை தெரியும். குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகைத் தடவினாள். உள்ளங்காலைச் சுண்டினாள். ஈரக்காற்று நேராக முகத்தில் படும்படி பிடித்துக்கொண்டாள். மழைத்துளி ஒன்று அதன் நெற்றியில் விழுந்தது. இன்னொன்று மூக்கில் விழுந்தது. குழந்தை தும்மியது. பிறகு முகத்தைச் சுளித்து, பூனைக்குட்டி அளவுக்கு ஒரு குரலில் அழுதது.

பேச்சி அந்த அழுகையைக் கேட்டுத் தானும் அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். அடைத்து வைத்திருந்த அத்தனை வருஷத்து அழுகையும் வழி கிடைத்து வந்தது.

புஷ்பவள்ளி வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்தாள். மாமியாரை அடையாளம் தெரிந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சி குழந்தையை வாங்கி அவள் முகத்தருகே கொண்டுபோனாள்.

புஷ்பவள்ளி குழந்தையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"யார் பிள்ளை அத்தை இது?"

"உன் பிள்ளைதான்த்தா."

அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுபோல் மரியாதைக்குச் சிரித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு சீராகத்தான் வந்தது. முழுசாக அவள் திரும்பி வரவில்லை என்பது பேச்சிக்கு மட்டும் புரிந்தது.

வெள்ளையம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே மணி நேரத்தில் அவளுக்கு வயது கூடிவிட்டது.

"பேச்சி. அன்னிக்கு உன் அறையில…"

"வேணாம்க்கா."

"விறகு நனைஞ்சுபோச்சுன்னு நான்தான் கரி கொண்டாரச் சொன்னேன். தலை வலிக்குது, யாரோ மூலையில உக்காந்திருக்காங்க, திறங்கன்னு நீ கத்தினே. உனக்குக் குளிரெடுத்துப் பிதற்றுறேன்னு நினைச்சேன். குளிருதா, குளிருதான்னு கேட்டுக்கிட்டே இன்னும் இறுக்கிச் சாத்தினேன்."

பேச்சிக்கு அக்காளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அவள் மடியில் விழுந்து புரள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்ய முடியாமல் பேத்தியை மார்போடு அணைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் முனி மரத்தைக் கடக்கும்போதெல்லாம் மனத்துக்குள் திட்டிக்கொண்டே போனாளே, அதற்கு அந்த முனி என்ன நினைத்திருக்கும்?

வெள்ளையம்மா இதற்குள் தங்கையைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அவள் பார்வை தண்ணீருக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

"ராசம்மா" என்றாள்.

"எந்த ராசம்மா?"

"அக்கரை லயத்துல. நேத்து அவளுக்குப் பிள்ளை பொறந்துச்சு. விறகு இல்லன்னாங்க. உன் கரியில ஒரு கூடை எடுத்துட்டுப் போய் நான்தான் போட்டுக் கொடுத்தேன்." அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "முனி நடமாட்டம் இருக்கு, நான் வந்து சொல்ற வரைக்கும் கதவைத் திறக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நான் சொன்னா அவங்க திறக்க மாட்டாங்க பேச்சி."

சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் காலை வைத்தாள்.

"அக்கா, சம்பான் வரட்டும். இழுப்பு சாஸ்தியா இருக்கு."

"உன் வாசல்லயும் பூசை முடியட்டும், பூசை முடியட்டும்னுதான் உக்காந்திருந்தேன்" என்றாள் வெள்ளையம்மா, திரும்பிப் பார்க்காமல்.

முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறியது. பழுப்புத் தண்ணீரில் அவள் நரைத்த தலை ஒரு பக்கமாக இழுபட்டு, மறுபடி நேராகி, மறுபடி இழுபட்டது. பேச்சி குழந்தையோடு தாழ்வாரத்து விளிம்புக்கு வந்து, "கதவைத் திறங்க, அறைக் கதவைத் திறங்க" என்று அக்கரையைப் பார்த்துக் கத்தினாள். காற்று எதிர்ப்பக்கமிருந்து அடித்தது. அவள் குரல் அவளுக்கே திரும்பி வந்தது.

அக்கரை லயம் மழைக்குள் வரிசையாகத் தெரிந்தது. எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. எந்தக் கூரையின் மேலும் துளிப் புகை இல்லை.